முதல் பயணம் முதலாளிக்கே

“எங்க லிஃப்ட்ல எனக்கு முன்னாடி வேற ஒருத்தர் கால் வெச்சாங்கன்னா, அன்னைக்கே கம்பெனியைப் பூட்டிச் சாவியைத் தூக்கிப் போட்டுட்டுப் போயிடுவேன்.”

வணிகர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், ஒலிபெருக்கி இரண்டு முறை கீச்சிட்டு ஓய்ந்த பிறகு, லிஃப்ட்டம்மா திருவாய் மலர்ந்த சபதம் இது. அன்று அவருக்குச் ‘சிறந்த பெண் தொழிலதிபர்’ விருது. சங்கத்தில் அந்த வருடம் உறுப்பினராக இருந்த பெண் அவர் ஒருவர்தான் என்பதால் போட்டி கடுமையாக இருந்ததாகச் சொல்ல முடியாது. சிறந்த கட்டுமானம், சிறந்த போக்குவரத்து, சிறந்த அச்சகம் என்று ஆண்கள் அவரவர் பார்த்த வேலைக்குப் பரிசு வாங்கினார்கள். இவர் பெண்ணாக இருந்ததற்கு வாங்கினார். அவர்களுக்கு மேஜைக் கடிகாரம். இவருக்கு ஒரு டஜன் பீங்கான் தட்டு. தட்டுப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவர் சபதம் செய்தபோது கைதட்டலில் கூரை பிளந்தது. அந்த மண்டபத்தின் கூரை முன்பே கொஞ்சம் பிளந்துதான் இருந்தது என்பதையும் நேர்மை கருதிச் சொல்லிவிட வேண்டும்.

லிஃப்ட்டம்மா லிஃப்ட்டுக்குள் பிறந்தவரல்ல. பதினோரு வருடம் ஒரு லிஃப்ட் கம்பெனியில் புகார் போன் எடுக்கும் வேலையில் இருந்தார். சாமானிய வேலை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. உள்ளே மாட்டிக்கொண்டவர், மாட்டிக்கொண்டவரின் மனைவி, அவர் இன்னும் கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தால் தேவலை என்று நினைக்கும் எதிர்வீட்டுக்காரர், எல்லோரும் கூப்பிடுவது அந்த ஒரே எண்ணுக்குத்தான். இவர் எல்லோரிடமும் ஒன்றையே சொல்வார்: போனைக் கொஞ்சம் கதவுப் பக்கமாகப் பிடியுங்கள். பிடிப்பார்கள். கடக் கடக் என்றால் ஒரு கோளாறு. கிர்ர்ர் என்று இழுத்தால் பிரேக் தேய்ந்துவிட்டது. சத்தமே இல்லையென்றால் யாரோ மகானுபாவர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மதியத் தூக்கத்துக்குப் போயிருக்கிறார். மெக்கானிக் எந்தச் சாமானை எடுத்துப் போக வேண்டும் என்று இவர் நாற்காலியிலிருந்தே சொல்லி அனுப்புவார். மெக்கானிக் போய் மாட்டிவிட்டுப் பாராட்டு வாங்கி வருவார். இவர் அடுத்த போனை எடுப்பார்.

முதலாளி வயதாகி, கம்பெனியை மூடிவிட்டு வேறு ஊரில் இருந்த மகனோடு போய்விட்டார். லிஃப்ட்டம்மா இரண்டு மெக்கானிக்குகளோடும் ஒரு வாடகை அறையோடும் சொந்தமாக ஆரம்பித்தார். ஆரம்பித்த முதல் வருடம் அவர் காதில் அதிகம் விழுந்த கேள்வி லிஃப்ட்டைப் பற்றியதல்ல. “கம்பெனியில ஆம்பளை யாருங்க?” என்பதுதான். வருகிறவர்கள் அறைக்குள் நுழைந்ததும், மூலையில் கிரீஸ் துடைத்துக்கொண்டிருந்த மெக்கானிக்குக்கு வணக்கம் வைத்து, அவரிடம் கட்டிடத்தின் வரைபடத்தை விரிப்பார்கள். அவர் கூச்சத்தில் நெளிவார். ஒருவர் லிஃப்ட்டம்மாவைப் பார்த்து, “ரெண்டு டீ சொல்லும்மா” என்றார். இவரும் சொன்னார். டீ வந்தது. டீயோடு, அந்த ஆள் கொண்டுவந்த வரைபடத்தில் லிஃப்ட் குழியின் ஆழம் இரண்டு அடி குறைகிறது என்று சிவப்பு மையில் எழுதிய சீட்டும் வந்தது. அந்த ஆள் டீயைக் குடித்துவிட்டுச் சீட்டை மெக்கானிக்கிடம் காட்டி, சரிதானா என்று கேட்டார்.

முதல் வாடிக்கையாளர் ஒரு டாக்டர். நாலு மாடி மருத்துவமனை. வேறு யாரும் அந்த ஒடுங்கின மூலையில் லிஃப்ட் வைக்க ஒத்துக்கொள்ளாததால் இவரிடம் வந்தவர். வேலை முடிந்து ஒப்படைக்கிற நாள் டாக்டர் லிஃப்ட் பெட்டிக்கு வெளியே நின்று உள்ளே எட்டிப் பார்த்தார், நோயாளியின் தொண்டையைப் பார்ப்பது போல.

“பொம்பளை மாட்டின லிஃப்ட். இதுல முதல்ல யாரு ஏறுவா?” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்படிச் சொல்கிறவர்கள் எப்போதும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள்.

“நான் ஏறறேன்” என்றார் லிஃப்ட்டம்மா. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறி, நாலாவது மாடிக்குப் போய், அங்கே ஒரு நோயாளியை நலம் விசாரித்துவிட்டு இறங்கி வந்தார். பெட்டி கீழே வந்து நின்றபோது டாக்டர் முகத்தில் தெரிந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று அங்கிருந்த நர்சுகளுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.

செய்தி பரவியது. அடுத்த வாடிக்கையாளரும் கேட்டார். அதற்கடுத்தவர் கேட்கும் முன்பே இவர் ஏறினார். பத்தாவது லிஃப்ட் வருவதற்குள் அது கம்பெனியின் வழக்கமாகிவிட்டது. இருபதாவதில் விளம்பரத் தாளில் ஏறியது: ‘முதல் பயணம் முதலாளிக்கே!’ ஐம்பதாவதில் போட்டோகிராபர் வர ஆரம்பித்தார். ஒரு காலத்தில் அவமானமாக இருந்ததை அடையாளமாக மாற்றிவிட்டதாக லிஃப்ட்டம்மா பெருமைப்பட்டார். சங்கக் கூட்டத்துச் சபதம் இந்த உச்சத்தில் வந்ததுதான். நூற்று நாற்பத்து மூன்று லிஃப்ட், நூற்று நாற்பத்து மூன்று முதல் பயணம். ஒன்றில்கூட அவர் மாட்டிக்கொண்டதில்லை.

இங்கே ஒரு சின்ன உண்மையைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. அந்த முதல் பயணம் எதுவும் முதல் பயணமல்ல. ஒரு லிஃப்ட்டைப் பொருத்துகிறவர்கள் அதற்குள்ளும் அதன் கூரைமேலும் நின்றபடி வாரக்கணக்கில் மேலும் கீழும் போய்வருவார்கள். இரும்புக் கட்டிகளை ஏற்றிப் பாரம் பார்ப்பார்கள். லிஃப்ட்டம்மா கைப்பையோடு வருவது எல்லாம் முடிந்த பிறகு. கணக்கெடுத்தால் அவருடையது ஏறக்குறைய ஐந்நூறாவது பயணமாக இருக்கும். கடந்த ஒன்பது வருடமாக அந்த ஐந்நூறையும் போய்வந்தவள் ஏணி.

லிஃப்ட் விற்கிற இடத்தில் ஒருத்திக்கு ஏணி என்று பட்டப்பெயர் வைத்தது பெரிய மெக்கானிக். அவள் உயரம் அப்படி. வேலையில் சேர வந்த நாள், வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து நுழைந்ததைப் பார்த்ததும் பெயர் விழுந்துவிட்டது. இன்ஜினியரிங் படித்தவள். ஆனால் படிப்பைக் காட்டிக்கொண்டதில்லை. ஓடுகிற லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்றுகொண்டு, தண்டவாளம் ஒரு நூல் அளவு விலகியிருந்தாலும் உள்ளங்காலில் தெரியும் என்பாள். லிஃப்ட்டம்மாவுக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. தனக்குப் பிறகு கம்பெனி ஏணியின் கையில்தான் என்று அவர் முடிவு செய்து நாலு வருடமாகிறது. அதை இன்னும் ஏணியிடம் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்திருக்கும் என்பது முதலாளிகளுக்கே உரிய நம்பிக்கை.

நூற்று நாற்பத்து நாலாவது லிஃப்ட் ஒரு கட்டிடக்காரருடையது. ஆறு மாடி வணிக வளாகம். அதே மாதிரி இன்னும் ஐந்து கட்டிடம் அவர் எழுப்பப் போகிறார். இது திருப்தியாக இருந்தால் அந்த ஐந்தும் லிஃப்ட்டம்மாவுக்குத்தான் என்று வாய் வார்த்தை. கம்பெனியில் பதினாலு பேர் அந்த வாய் வார்த்தையை நம்பி அடுத்த மூன்று வருடத்தைத் திட்டமிட்டிருந்தார்கள். இந்த லிஃப்ட்டை முழுக்க முழுக்கப் பொருத்தியவள் ஏணி. ஒப்படைப்புக்கு ஒரு வாரம் முன்பு பரிசோதனைத் தாள்களை எடுத்துக்கொண்டு கட்டிடக்காரரைப் பார்க்கப் போனாள்.

போன சுருக்கில் திரும்பி வந்தாள். நடந்ததை நின்றபடியே சொன்னாள். கட்டிடக்காரர் தாள்களைத் தொடவே இல்லையாம். “உன் கையெழுத்தை வெச்சு நான் என்ன பாப்பா பண்றது? அம்மா ஏறட்டும். அதுதான் கண்ணுக்குத் தெரியுது” என்றாராம். விருந்தினர் நாற்பது பேருக்கு அழைப்பு போய்விட்டது. ‘முதலாளியின் முதல் பயணம்’ என்று பேனர் அடிக்கக் கொடுத்தாகிவிட்டது. அடுத்த ஐந்து கட்டிடத்திலும் இது உண்டு. அம்மாவுக்கு முடியாவிட்டால் பாப்பாவே ஏறலாம், கம்பெனியில் ஏதாவது ஒரு பொம்பளை ஏறினால் சரி என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்திருந்தார்.

லிஃப்ட்டம்மாவுக்கு இதில் தப்பாக ஒன்றும் படவில்லை. அந்த ஆள் பேசுவது அப்படித்தான், கிடக்கட்டும், அன்றைக்குப் போய் ஏறி இறங்கிவிட்டால் ஐந்து கட்டிடம் கையில் என்றார்.

“அம்மா, ஒண்ணு கேக்கறேன்” என்றாள் ஏணி. “நீங்க போன் எடுத்துட்டிருந்த கம்பெனியில, அந்தப் பழைய முதலாளி எத்தனை லிஃப்ட்ல ஏறிக் காட்டினாரு?”

“அவர் எதுக்கு ஏறணும்?” என்றார் லிஃப்ட்டம்மா.

வாயிலிருந்து வெளியே வந்த வார்த்தை மேஜைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. பழைய முதலாளி ஒரு கட்டிடத்துக்கும் வந்ததில்லை. தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்புவார், ஜனங்கள் ஏறிப் போவார்கள். ஒரு தடவை அவர் வைத்த லிஃப்ட் ஒன்று மாடிக்கும் மாடிக்கும் நடுவில் ஒன்றரை மணி நேரம் நின்றது. அப்போதும் யாரும் அவரை ஏறிக் காட்டச் சொல்லவில்லை. புகார் போனை எடுத்துத் திட்டு வாங்கியவருக்கு அது நன்றாகவே ஞாபகம் இருந்தது.

ஏணி பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து வைத்தாள். பெரிய கம்பெனி ஒன்று இவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

“கோவத்துல சொல்லலம்மா. அங்க என் கையெழுத்து வெறும் கையெழுத்தாவே செல்லுமாம். இங்க அதுக்குப் பக்கத்துல உங்க உயிரையும் வெச்சாத்தான் செல்லுது.”

போய்விட்டாள். லிஃப்ட்டம்மா அன்று மாலை வரை கோபமாக இருப்பது என்று தீர்மானித்து, அதைக் கட்டுப்பாட்டோடு நிறைவேற்றினார். வந்த போன்களை எல்லாம் இரண்டு வார்த்தையில் முடித்தார். பெரிய மெக்கானிக் எதற்கோ உள்ளே வந்தவர், முகத்தைப் பார்த்துவிட்டு, வந்த காரியம் மறந்துவிட்டதாகச் சொல்லி வெளியேறினார்.

வீட்டில் சாப்பிடும்போது கணவரிடம் சொன்னார். கணவர் நூலகர், சத்தம் போட்டுப் பேசுவதை வேலையிடத்தில் தடுத்துத் தடுத்து, தன் குரலையும் பாதி இழந்துவிட்டவர். இந்த மாமனிதரைப் பற்றி உலகம் அறியாத ஒரு செய்தி உண்டு. அவர் வாழ்நாளில் லிஃப்ட்டில் ஏறியதில்லை. மூடின பெட்டி அவருக்கு ஆகாது. எட்டாவது மாடியில் இருக்கும் சொந்த மைத்துனன் வீட்டுக்குக்கூட, நடுவில் இரண்டு மாடியில் உட்கார்ந்து எழுந்து, படியில்தான் போவார். மனைவியின் தொழில் ரகசியங்களிலேயே மிகவும் கவனமாகக் காப்பாற்றப்படுவது இதுதான்.

ஏணி நன்றி கெட்டவள், ஐந்து கட்டிடத்தின் அருமை தெரியவில்லை, இந்த வழக்கம் எப்படி உருவானது என்று அவளுக்கு என்ன தெரியும் என்று லிஃப்ட்டம்மா நீளமாக முறையிட்டார். கணவர் வாயிலிருந்ததை மென்று விழுங்கினார்.

“இருபத்தஞ்சு வருஷமா நீ ஏறிக் காட்டறே. என்னை ஏத்த முடிஞ்சுதா?” என்றார்.

“உங்களுக்குப் பயம். அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?”

“அதையேதான் நானும் சொல்றேன்” என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவ எழுந்து போனார். கழுவும்போது தண்ணீர்ச் சத்தத்தில் வேறு ஏதும் சொன்னாரா என்று தெரியவில்லை. அவர் இயல்புக்கு, அன்றைக்கான பேச்சு முடிந்துவிட்டிருக்கும்.

மறுநாளிலிருந்து லிஃப்ட்டம்மா வழக்கம்போலவே வேலை பார்த்தார். கடிதத்தைப் பற்றி அவர் கேட்கவுமில்லை, ஏணி சொல்லவுமில்லை. ஒரே ஒரு வித்தியாசம். ஒப்படைப்பு நாளுக்கு முந்தின மாலை, பாரம் பார்க்கும் இரும்புக் கட்டிகளை வண்டியில் திருப்பி ஏற்றிக்கொண்டிருந்தவர்களுக்குப் போன் செய்து, அப்படியே அங்கேயே இறக்கி வையுங்கள் என்றார். காரணம் சொல்லவில்லை. கட்டிகள் ஒவ்வொன்றும் இருபத்தைந்து கிலோ என்பதால், ஏற்றினவர்கள் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுதுவதற்கில்லை.

ஒப்படைப்பு நாள் காலை பதினோரு மணி. தரைத்தளத்தில் நாற்பது பேர். பேனரில் லிஃப்ட்டம்மாவின் படம், அவரைவிடப் பத்து வயது இளமையாக. போட்டோகிராபர் லிஃப்ட் வாசலுக்கு எதிரே முக்காலி போட்டு இடம் பிடித்துவிட்டார். கட்டிடக்காரர் வெள்ளை உடையில் அங்குமிங்கும் நடந்து, வந்தவர்களிடம் எல்லாம், இந்தம்மா தைரியசாலி, பாருங்க இப்ப என்று சொல்லிக்கொண்டிருந்தார். சர்க்கஸில் சிங்கத்தின் வாயில் தலை கொடுக்கப் போகிறவரை அறிமுகப்படுத்துவது போலிருந்தது. சிங்கத்துக்குக் காசு கொடுத்தவர் அவர்தான் என்பது அந்த நேரத்தில் அவருக்கு மறந்திருந்தது.

லிஃப்ட்டம்மா வந்தார். கட்டிடக்காரருக்கு வணக்கம் சொன்னார். “இந்த லிஃப்ட்டைப் பொருத்தினது இவங்க. இனி இவங்க சொல்வாங்க” என்று ஏணியைக் கைகாட்டிவிட்டு, சுவரோரம் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஏணி அவரைப் பார்த்தாள். இது அவளுக்கே முன்னறிவிப்பு இல்லாத செய்தி. ஓரமாக அடுக்கியிருந்த இரும்புக் கட்டிகளைப் பார்த்தாள். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு, பெரிய மெக்கானிக்கிடம் ஏத்துங்கண்ணே என்றாள்.

இரும்புக் கட்டிகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. பதிமூன்று பேர் பாரம் என்று எழுதியிருந்த பெட்டியில் பதினாறு பேர் பாரத்துக்கு இரும்பு. அதற்குக் கால் மணி நேரம் ஆயிற்று. விருந்தினர்கள் முதலில் பேசிக்கொண்டிருந்தார்கள், பிறகு எண்ண ஆரம்பித்தார்கள். கதவு மூடியது. இரும்பு தனியாக ஆறாவது மாடிக்குப் போயிற்று. நடு வழியில் ஏணி வேண்டுமென்றே மின்சாரத்தை அணைத்தாள். பெட்டி சொன்ன இடத்தில் நின்றது. மறுபடி போட்டாள், கீழே இறங்கி வந்தது. கதவு திறந்ததும் அவள் குனிந்து, பெட்டியின் தரையும் கட்டிடத்தின் தரையும் சேருமிடத்தில் ஒரு இரும்பு அளவுகோலை வைத்தாள். கோலுக்கு அடியில் ஒரு வெளிச்சக் கீற்றுகூடத் தெரியவில்லை, இரண்டு தரையும் ஒரே மட்டம். இத்தனை நடந்தும் போட்டோகிராபர் ஒரு படமும் எடுக்கவில்லை, இரும்பைப் படம் எடுக்க அவருக்கு உத்தரவில்லை.

கட்டிகளை இறக்கி முடித்ததும் கட்டிடக்காரர் நாற்காலிப் பக்கம் வந்து குனிந்தார்.

“சரிம்மா, இதெல்லாம் ஆச்சு. நீங்க ஏறுங்க.”

“நான் எதுக்குங்க? லிஃப்ட் நல்லாருக்கு.”

“எல்லாரும் அதுக்குத்தானே வந்திருக்காங்க. உங்க வழக்கம்தானே?”

“உங்க பழைய கட்டிடத்துல லிஃப்ட் இருக்கே. அதை வெச்சுக் கொடுத்த முதலாளி ஏறினாரா?”

கட்டிடக்காரர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார் என்பதை அவர் நெற்றிச் சுருக்கத்துக்காகவாவது ஒத்துக்கொள்ள வேண்டும். “அவரை நான் பார்த்ததே இல்லையே” என்றார் கடைசியில். சொன்னபின், தான் சொன்னது தனக்குச் சாதகமா பாதகமா என்று புரியாமல் பேனரைப் பார்த்தார்.

“மத்த அஞ்சு கட்டிடத்தையும் நினைச்சுப் பாருங்கம்மா” என்றார், குரலைத் தாழ்த்தி.

“நினைச்சுத்தாங்க உட்கார்ந்திருக்கேன்” என்றார் லிஃப்ட்டம்மா. “உங்களுக்கு இவங்க கையெழுத்துப் போதும்னா செய்வோம். போதாதுன்னா வேற ஆளைப் பாருங்க. வருத்தம் ஒண்ணும் இல்லை.”

அந்த இழுபறியை முடித்து வைத்தவர் கட்டிடக்காரரின் மனைவி. விருந்து ஆறாவது மாடியில் ஏற்பாடாகியிருந்தது. அவர் குதிகால் உயர்ந்த செருப்போடு ஒரு மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார். “பேச்சு முடிஞ்சுதா? முடியலைன்னா நீங்க பேசிட்டு வாங்க. சாப்பாடு ஆறிப் போவுது” என்று சொல்லிவிட்டு நேராக நடந்து லிஃப்ட்டுக்குள் போய்ப் பட்டனுக்குப் பக்கத்தில் நின்றார். அவர் பின்னால் அவருடைய அக்கா. அக்கா பின்னால் பசித்த ஜனம். பதிமூன்றாவது ஆள் நுழைந்ததும் ஏணி கையை நீட்டிப் பதினாலாமவரைத் தடுத்தாள். கதவு மூடியது. கீழே நின்றவர்கள் மேலே எரியும் எண்களைப் பார்த்தார்கள். ஆறு எரிந்தது. மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் இறங்கி வந்தது.

கட்டிடக்காரர் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுவிட்டு, தாளைக் கொடு என்றார். பாப்பா என்று சொல்லவில்லை. வேறு எதுவும் சொல்லத் தோன்றாததாலும் இருக்கலாம். சுவரில் வைத்து, ஏணியின் கையெழுத்துக்குக் கீழே தன்னுடையதைப் போட்டார். இந்தக் கட்டிடத்துக்குச் சரி, மற்றதைப் பற்றி அப்புறம் பார்க்கலாம் என்றார். பாருங்க, என்றார் லிஃப்ட்டம்மா. அந்த அப்புறத்தில் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியாது.

அடுத்த நடையில் கட்டிடக்காரர் போனார், அதற்கடுத்த நடைகளில் மிச்சமிருந்த விருந்தினர்கள் போனார்கள். போட்டோகிராபர் முக்காலியை மடித்துக்கொண்டு சாப்பாட்டுக்குப் போனார். ஏணி தாளைக் கோப்பில் வைத்தாள். பெரிய கம்பெனிக்கு நாளைக்குப் பதில் எழுதிவிடுகிறேன் என்றாள். என்ன பதில் என்று லிஃப்ட்டம்மா கேட்கவில்லை. “அதுக்கு முன்னாடி என் ரூமுக்கு வா. நாலு வருஷமாச் சொல்லாம வெச்சிருக்கற ஒரு விஷயம் இருக்கு” என்றார்.

மேலே கைகழுவத் தண்ணீர் வரவில்லை என்று யாரோ கத்தினார்கள். ஏணி தண்ணீர் மோட்டாரைப் பார்க்கப் பின்பக்கம் ஓடினாள். தரைத்தளம் காலியாயிற்று. லிஃப்ட்டம்மா எழுந்து போய்ப் பட்டனை அழுத்தினார். பெட்டி ஆறாவது மாடியில் இருந்தது. அவர் கைப்பையைப் பிடித்துக்கொண்டு, எண்கள் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்தபடி நின்றார். கதவு திறக்கிற நேரத்துக்குத் தெருவிலிருந்து ஒருவர் தோளில் ஒன்றும் கையில் ஒன்றுமாகத் தண்ணீர் கேன்களோடு வேகமாக வந்தார். விருந்துக்கு அவசரம். தள்ளுவண்டியில் இன்னும் இருபது கேன் இருந்தது. எல்லாவற்றையும் உருட்டிப் பெட்டியில் அடுக்கினார். அடுக்கி முடித்தபோது ஒரு ஆள் நிற்கத்தான் இடமிருந்தது. அவர் வெளியே நின்ற அம்மாவைப் பார்த்துத் தயங்கினார்.

“நீங்க ஏறுங்கம்மா. நான் அடுத்ததுல வரேன்.”

“பரவாயில்லப்பா, நீ போ” என்றார் லிஃப்ட்டம்மா. “நான் இருக்கேன்.”